வெள்ளை பர்கண்டியும் பக்கத்துத் தட்டும்: ஷப்லியிலிருந்து மகோன் வரை

செவ்வாய், ஷப்லி

பாரிஸிலிருந்து ஏ6 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரம் வந்து, ஒசேர் பக்கம் திரும்பினால் ஷப்லி. சின்ன ஊர். நடுவே ஸெரான் ஆறு, ஆறு என்றதும் அகலமாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வண்டி ஓட்டுவது மாமா. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு இளவயதிலேயே பாரிஸ் பக்கம் வந்து தங்கிவிட்டவர். இந்த வாரம் முழுக்க எனக்கு அவர்தான் ஓட்டுநர், துபாஷி, சாப்பாட்டு விஷயத்தில் நீதிபதி. வண்டி ஓட்ட வேண்டியிருப்பதால் ருசி பார்க்கும் ஒயினை எல்லாம் ஒரு துளி உள்ளே போகாமல் துப்பிவிடுவார், ஆனால் தட்டில் இருப்பதை மட்டும் விடமாட்டார்.

வெள்ளை பர்கண்டி, அதாவது பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் விளையும் வெள்ளை ஒயின், என்றால் தோட்டத்தின் பெயர், விலை, யார் எத்தனை மதிப்பெண் போட்டார்கள், இதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிய வேண்டியது அதன் பக்கத்தில் என்ன சாப்பிடுவது என்பதுதான். ஏறக்குறைய எல்லாமே ஷார்டொனே என்ற ஒரே திராட்சைதான், அதனால் ஒரு புட்டிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணிலிருந்தா, வெயிலிலிருந்தா, பீப்பாயிலிருந்தா என்று நாக்காலேயே ஓரளவுக்குப் பிரித்துவிடலாம்.

ஆற்றுப் பாலத்தில் நின்று வடகிழக்கே பார்த்தால் ஒரே ஒரு சரிவு தெரிகிறது. ஷப்லியின் கிரான் க்ரூ என்ற உச்சத் தரம் மொத்தமும் அந்தச் சரிவுதான், 100 ஹெக்டேருக்குப் பக்கத்தில். அதை ஏழாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: லே க்ளோ, வோதெஸீர், வால்மூர், ப்ளான்ஷோ, புக்ரோ, ப்ரெஸ், க்ரெனூய். தென்மேற்கைப் பார்த்த சரிவு என்பதால் சாயங்கால வெயில் முழுக்க அதன் மேல் விழுகிறது. இவ்வளவு வடக்கே இருக்கிற ஊரில் அந்த வெயில்தான் சொத்து.

மேலே நடந்து போனோம். அக்டோபர், அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. கீழே கிடந்த சாம்பல் நிறக் கல் ஒன்றை மாமா எடுத்துக் காட்டினார், நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னச் சிப்பிகள் அதில் அச்சாகியிருந்தன. கிம்மரிட்ஜ் காலத்து மண், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடமெல்லாம் கடல். "பாரு மாப்ளே, அதனாலதான் ஷப்லியும் ஆய்ஸ்டரும் சேருது" என்றார். கேட்க அழகான கதை. ஆனால் வேர் வழியாகச் சிப்பியின் ருசி திராட்சைக்கு ஏறுகிறது என்பதை மண்ணியல் படித்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சேர்வதற்குக் காரணம் வேறு, இன்று இரவு அதைத்தான் சாப்பிட்டுப் பார்த்தோம்.

அரை டஜன் சிப்பி, பச்சையாக, ஐஸ் மேல். முதல் இரண்டை எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டேன். அடுத்த இரண்டை எலுமிச்சை இல்லாமல், சாதாரண ஷப்லி ஒரு மிடறோடு. எலுமிச்சையின் வேலையை ஒயினே செய்துவிடுகிறது! குளிர் பிரதேசம் என்பதால் புளிப்பு கூர்மை, எஃகுத் தொட்டியில் வளர்ந்ததால் பீப்பாய் வாசனை கிடையாது, இனிப்பு துளியும் இல்லை. சிப்பியின் உப்பு அந்தப் புளிப்பைக் கொஞ்சம் மழுக்குகிறது, புளிப்பு சிப்பியின் கொழகொழப்பை அறுத்துவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே கடல்வாசனை மட்டும் மிஞ்சுகிறது. கடைசி இரண்டுக்கு லே க்ளோ கிரான் க்ரூ ஒரு கோப்பை வாங்கினேன். விலை நாலு மடங்கு. தேன், பாதாம், கல், எல்லாம் இருக்கிறது, அருமையான ஒயின், ஆனால் சிப்பியை அது கண்டுகொள்ளவே இல்லை, சிப்பியும் அதை. ருசி பார்க்கும் மேசையில் ஜெயிக்கிற ஒயின் சாப்பாட்டு மேசையிலும் ஜெயிக்கும் என்பது எனக்கு ஏற்கெனவே சந்தேகமாக இருந்தது, முதல் நாளே சந்தேகம் வலுத்துவிட்டது.

புதன், ஷப்லியில் இன்னொரு நாள்

காலையில் ஒரு நிலவறை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போவதுதான் இங்கே மரியாதை, அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். தொட்டிகளில் நொதித்தல் நடந்துகொண்டிருந்தது, உள்ளே நுழைந்ததும் ஈஸ்ட் வாசனை மூக்கில் ஏறுகிறது. கலங்கலாக, பாதி நொதித்த புது ஒயினை ஒரு கோப்பையில் பிடித்துக் கொடுத்தார்கள். இனிப்பும் புளிப்பும் குமிழியுமாக, குழந்தைகளுக்குப் பிடிக்கும்போல இருந்தது, கொடுக்கத்தான் கூடாது.

2021-யும் 2022-யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றினார்கள், ஒரே தோட்டம், மோந்தே த தொன்னேர் என்ற ப்ரமியே க்ரூ, கிரான் க்ரூவுக்கு அடுத்த தரம். 2021 ஏப்ரலில் மொட்டு விட்ட பிறகு கடும் உறைபனி விழுந்து விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த இரவுகளில் தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்தார்கள். இன்னொரு வழியும் உண்டு, கேட்டால் நம்ப முடியாது: உறைபனி இரவில் கொடிகள் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் மொட்டைச் சுற்றிப் பனிக்கட்டியாக உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் மொட்டு பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும், கருகாது. அப்படித் தப்பித்த 2021 ஒல்லியாக, பச்சை ஆப்பிள் புளிப்போடு இருந்தது. 2022 வெயில் வருடம், பேரிக்காய், பழுத்த எலுமிச்சை, கொஞ்சம் உருண்டை. தனியாகக் குடிக்க 2022. சாப்பாட்டோடு என்றால் யோசிக்காமல் 2021.

மதியம் அந்தூயெத். பன்றிக் குடலை நீளநீளமாக வெட்டிக் குடலுக்குள்ளேயே திணித்துச் செய்கிற சாசேஜ், வறுத்து, கடுகுச் சாறு ஊற்றிக் கொண்டுவருவார்கள். நாற்றம் பிரசித்தம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் தட்டைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார்கள். நம்மூர்க் குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயமே வராது, வாசனையில் அப்படி ஓர் உறவு. கொழுப்பும் கடுகின் காரமும் சேர்ந்த இந்தத் தட்டுக்கு நேற்றைய மெல்லிய ஷப்லி போதவில்லை, பீப்பாயில் கொஞ்ச காலம் இருந்த ப்ரமியே க்ரூ வந்ததும் சரியாக உட்கார்ந்தது. மாமா இரண்டாவது தட்டு கேட்டார்.

வியாழன், திஜோன் வழியாக போன் நகருக்கு

பயணத்திலேயே நாள் போய்விட்டது. திஜோனில் இறங்கி ஒரு கிர் மட்டும். அலிகோத்தே என்ற புளிப்பான வெள்ளை ஒயினில் கருந்திராட்சை வத்தல் நிறத்தில் இருக்கும் காஸீஸ் மதுவைக் கலப்பது. 1945 முதல் 1968-இல் இறக்கும் வரை இந்த ஊர் மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கிர் பாதிரியார், விருந்தினர்கள் எல்லோருக்கும் இதையே ஊற்றி ஊற்றி அவர் பெயரே பானத்துக்கு ஒட்டிக்கொண்டது. கூடவே கூஜேர், சீஸ் போட்டுச் சுட்ட உள்ளே காற்றடைத்த உருண்டை. ஒரு கூடை வைத்தால் ஒரு கூடையும் காலி.

போன் நகரம் வந்து சேர இருட்டிவிட்டது. ஓஸ்பீஸ் மருத்துவமனையின் வண்ண ஓட்டுக் கூரையை நாளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1443-இல் நிக்கோலா ரோலன் கட்டிய தர்ம ஆஸ்பத்திரி, பக்தர்கள் தானமாக எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்கள் சேர்ந்து சேர்ந்து இன்று 60 ஹெக்டேர் அளவுக்கு இருக்கிறது. 1859-லிருந்து அந்த ஒயினை ஏலம் விடுகிறார்கள், இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறு.

வெள்ளி, மெர்சோ

இன்று நிறைய எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்சோவில் கிரான் க்ரூ ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரியேர், ஜெனெவ்ரியேர், ஷார்ம் என்ற மூன்று ப்ரமியே க்ரூ தோட்டங்களின் விலையைப் பார்த்தால் அந்தத் தரமே தேவையில்லை என்று தெரியும். 1976-இல் பாரிஸில் லேபிளை மறைத்து வைத்து ருசி பார்த்த போட்டியில் கலிபோர்னியாவின் ஷாத்தோ மோந்தெலேனா முதலிடம் பிடித்து உலகத்தையே கலக்கியது பலருக்குத் தெரியும். இரண்டாவதாக வந்தது இந்த ஊர்த் தயாரிப்பாளர் ரூலோவின் மெர்சோ-ஷார்ம் 1973.

இங்கே ருசி பார்க்கும் முறையை ஒரு தடவை விளக்கிவிடுகிறேன், இனி திரும்பச் சொல்ல மாட்டேன். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். முதலில் சுழற்றாமல் முகர வேண்டும், பறந்துபோகிற மெல்லிய வாசனைகள் அப்போதுதான் கிடைக்கும். அப்புறம் சுழற்றி முகர வேண்டும். ஒரு மிடறு வாயில் வைத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், சத்தம் வரும், வரட்டும். துப்பிய பிறகு ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு விநாடி நின்றால் ஒரு கோதாலி என்று கணக்கு. நல்ல மெர்சோவில் பத்தைத் தாண்டி எண்ணிக்கொண்டு போகலாம்.

வெப்பநிலைதான் பாதி விஷயம். ஷப்லியை 10 டிகிரிக்குப் பக்கத்தில் குடிக்கலாம், மெர்சோவுக்கு 12, 13 வேண்டும். பல உணவகங்களில் எல்லா வெள்ளை ஒயினையும் ஐஸ் வாளியில் முக்கியே வைத்திருக்கிறார்கள், நேற்று இரவு போன் நகரில் ஒரு கடையில் வந்த புட்டி பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. கோப்பையை இரண்டு உள்ளங்கைகளிலும் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தோம், அதற்குள் மீன் ஆறிவிட்டது.

மெர்சோ என்றாலே வெண்ணெய் வாசனை என்பார்கள். அந்த வெண்ணெய் எங்கிருந்து வருகிறது? திராட்சையில் இருப்பது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் இருக்கும் அதே கூர்மையான புளிப்பு. முதல் நொதித்தல் முடிந்தபின் பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, தயிரில் இருக்கும் மென்மையான புளிப்பு. அந்த மாற்றத்தின்போது டயசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது, வெண்ணெய்க்கு அதன் வாசனையைக் கொடுப்பதும் அதுவேதான். இதோடு 228 லிட்டர் ஓக் பீப்பாயில் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை அவ்வப்போது கோலால் கிளறிவிடுவார்கள், ஒயினுக்கு உடம்பு வைக்கும். பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் வாட்டியிருப்பதால் வறுத்த ஹேசல்நட், வெனிலா வாசனைகள். ஆனால் இன்று பார்த்த இரண்டு தயாரிப்பாளர்களும் கிளறுவதைக் குறைத்துவிட்டோம், புதுப் பீப்பாயையும் குறைத்துவிட்டோம் என்றார்கள். இப்போதைய மெர்சோ பழைய வெண்ணெய் மலை அல்ல, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ப்ரெஸ் கோழி, சாவோன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்துச் சமாசாரம். வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால், பிரெஞ்சுக் கொடியே நடந்து வருகிற மாதிரி. 1957-லிருந்து ஒயினுக்கு இருப்பதுபோலவே அந்தக் கோழிக்கும் சட்டப் பாதுகாப்பு. அதைப் பாலாடையிலும் காளானிலும் மெதுவாக வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். கிராம அளவிலான மெர்சோ, அதாவது தோட்டப் பெயர் எதுவும் போடாத சாதாரண மெர்சோ, ஒரு கோப்பை. பாலாடையின் கனமும் ஒயினின் கனமும் ஒரே அளவு, அதனால் ஒன்றை ஒன்று அமுக்கவில்லை. ஷப்லியாக இருந்திருந்தால் தண்ணீராகத் தெரிந்திருக்கும். பக்கத்து மேசையில் ஒருவர் பெரியேர் திறந்து இதே கோழியைச் சாப்பிட்டார், எங்களுக்கும் ஒரு வாய் ஊற்றினார் (ஒயின் ஊர்க்காரர்களிடம் இந்த நல்ல குணம் உண்டு). ஒயின் கல்லும் புகையுமாக எங்கோ உயரத்தில் நின்றது, காளான் வரும்போது மட்டும் கீழே இறங்கியது. "இத தனியா குடிக்கணும்ப்பா, கோழி பாவம்" என்றார் மாமா.

கடைசியில் சீஸ். எப்வாஸ், மார் என்ற திராட்சைச் சக்கைச் சாராயத்தில் கழுவிக் கழுவிப் பழுக்க வைத்தது, கரண்டியால் அள்ள வேண்டிய அளவுக்கு ஒழுகும். சீஸ் என்றால் சிவப்பு ஒயின் என்ற பழக்கத்தில் நானும் போன் நகரில் வாங்கிய சிவப்பு ஒன்றை ஊற்றிக்கொண்டேன், மாமா வெள்ளையோடே இருந்தார். இவ்வளவு உப்பும் பழுத்த சீஸின் காரமும் சிவப்பு ஒயினின் துவர்ப்போடு மோதினால் வாயில் ஏதோ உலோகக் கசப்பு தங்கிவிடுகிறது. மெர்சோவில் துவர்ப்பு கிடையாது, மோதலும் கிடையாது. அதே தட்டில் இருந்த பழைய கோம்தே சீஸுக்கு மெர்சோ இன்னும் நெருக்கம், இரண்டிலும் கொட்டை வாசனை.

சனி, சந்தையும் புலிஞியும்

போன் நகரில் சனிக்கிழமைச் சந்தை. காளான், கோழி, சீஸ், ஹாம். நாளை ஞாயிறு, நாளை மறுநாள் திங்கள், இரண்டு நாளும் பிரான்ஸில் சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடிக்கிடக்கும் என்பதால் மாமா கூடையோடு வந்துவிட்டார்.

மதியம் புலிஞி-மோன்ராஷே. 1879-இல் புலிஞியும் பக்கத்து ஷசானும் தங்கள் ஊர்ப்பெயரோடு அந்தப் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையும் ஒட்டவைத்துக்கொண்டன. மோன்ராஷே மொத்தம் 8 ஹெக்டேர், ஆளுக்குப் பாதியாக இரண்டு ஊர் எல்லைக்குள்ளும் வருகிறது. கீழே சாலை, சாலைக்குக் கீழ்ப்பக்கம் பதார்-மோன்ராஷே, மேலே மெல்லிய மண்ணில் ஷெவாலியே. இடுப்புயரக் கல்சுவர், ஒரு கல் வாசல். அந்தப் பக்கம் புட்டிக்கு ஆயிரக்கணக்கான யூரோ, இந்தப் பக்கம் சில நூறு. சுவரில் கைவைத்துக்கொண்டு போட்டோ எடுக்க ஒரு கூட்டமே நிற்கிறது, எடுத்துக்கொண்டோம் நாங்களும்.

புலிஞி மெர்சோவைவிட நிமிர்ந்த ஒயின். வெண்பூ, எலுமிச்சைத் தோல், சிலவற்றில் தீக்குச்சி கிழித்த வாசனை. கந்தகச் சேர்மங்களால் வருவது, பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். கொஞ்சமாக இருந்தால் பசியைக் கிளப்பும், அளவு மீறினால் அணைத்த பட்டாசு. இதற்குச் சரியான ஜோடி ஆற்று மீன் சாந்த்ர், தோல் மொறுமொறுவென்று வறுத்து, வெங்காயமும் வெள்ளை ஒயினும் வற்றவைத்து வெண்ணெய் அடித்த சாறோடு. மீனின் சதையில் பெரிய ருசி ஒன்றும் கிடையாது, அதுதான் வசதி, ஒயின் வந்து நிற்க இடம் இருக்கிறது.

பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் சேன்-ஓபான். அதன் ஆன் ரெமியீ தோட்டம் ஷெவாலியே இருக்கிற அதே குன்றின் தொடர்ச்சி. உயரம் கூடுதல், காற்று குளிர்ச்சி, முந்தைய காலத்தில் பழம் சரியாகப் பழுக்காது என்று ஒதுக்கிய இடம். வெயில் கூடிவருகிற இந்த ஆண்டுகளில் அதுவே நல்லதாகிவிட்டது. இதே சாந்த்ருக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன், புலிஞியின் விலையில் பாதிதான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. 1990-களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து வெள்ளை பர்கண்டியில் ஒரு வியாதி உண்டு: பத்து வருடம் நிற்க வேண்டிய புட்டி ஐந்தாறு வருடத்திலேயே பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் வாசனையோடு செத்துக்கிடக்கும். கார்க், கந்தக அளவு, பழத்தைப் பிழியும் முறை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள், சிலர் அதற்காகவே மூடியை மாற்றிவிட்டார்கள். விலையுயர்ந்த புட்டியைப் பரணில் போட்டுவைத்துப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்ற திட்டம் வேண்டாம்.

ஞாயிறு, பூஸ்ரோன்

எல்லாம் மூடியிருந்தது. 1998-லிருந்து அலிகோத்தே திராட்சைக்கென்றே தனிப் பெயர் உரிமை பெற்ற ஊர் இது. அலிகோத்தேயும் ஷார்டொனேவும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை, ஒருபக்கம் பினோ, மறுபக்கம் குவே ப்ளான் என்ற மட்டமான பழைய திராட்சை. உடன்பிறப்பு உலகம் சுற்றுகிறது, இது இங்கேயே கிடக்கிறது.

தோட்டத்து ஓரம் கல் மேல் உட்கார்ந்து சந்தையில் வாங்கிய ஜம்போன் பெர்சியே, பார்ஸ்லி இலையும் ஜெல்லியுமாக அழுத்திச் செய்த ஹாம், திஜோன் கடுகு, ரொட்டி. நேற்றே வாங்கி வைத்திருந்த பூஸ்ரோன் புட்டி, வண்டியில் குளிர்ந்தது போதும். கடுகு, உப்பு, ஊறுகாய் வெள்ளரி, மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்கிற ஒயின் இந்த வாரத்தில் இது ஒன்றுதான். சாயங்காலம் வரை வண்டி எடுக்க வேண்டாம் என்பதால் மாமாவும் முதல்முறையாகத் துப்பாமல் ஒரு வாய் குடித்தார்.

திங்கள், மகோன் பக்கம்

காற்றே மாறிவிட்டது. ஓட்டுக் கூரைகள் தட்டையாகிவிட்டன, வெயில் மஞ்சளாகிவிட்டது. சொலுத்ரே பாறை கப்பலின் முன்மூக்கு மாதிரி நிற்கிறது, 493 மீட்டர், பிரெஞ்சு அதிபராக இருந்த மித்தெரான் ஆண்டுதோறும் இதன் மேல் ஏறுவார். அடியில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் வேட்டையாடித் தின்ற குதிரை எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஜோடி சேர்க்கும் பழக்கம் அப்போது இருந்திருக்காது.

பூயி-ஃபுய்சேயில் 2020 அறுவடையிலிருந்து 22 தோட்டங்களுக்கு ப்ரமியே க்ரூ தரம் கொடுத்திருக்கிறார்கள், விலையும் ஏறத் தொடங்கிவிட்டது. ஒயின் பழுத்த பீச், முலாம்பழம், வாயில் நிறைகிறது. மகோனே ஆட்டுப்பால் சீஸ், கட்டைவிரல் உயரத்துக்குச் சின்னக் கூம்பு, புதியதாக இருக்கும்போது இதே பக்கத்து வெள்ளை ஒயின் சேன்-வெரானும், உலர்ந்து காரம் ஏறினபின் பூயி-ஃபுய்சேயும். சாவோன் கரையில் சின்ன மீன்களை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்துக் காகிதத்தில் கொட்டித் தந்தார்கள், முள்ளோடு தின்பது. அதற்கு எந்தப் பெரிய பெயரும் வேண்டாம், மகோன்-வில்லாஜ் என்று மட்டும் எழுதிய பத்து யூரோ புட்டி போதும், போதும் என்பதுகூடக் குறைவு, அதுதான் சரி.

நாளை மறுநாள் சென்னைக்கு விமானம். வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான், முக்கால் லிட்டர் புட்டி இரண்டு. மிளகாய்க் காரத்தோடு குடிப்பதென்றால் பீப்பாய் வாசனை கசப்பாகும், 13 சதவீத ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், அதனால் மெர்சோவை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எடுத்துக்கொண்டது ஷப்லி 2021 ஒன்று, சேன்-வெரான் ஒன்று. ஷப்லி உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுத்த வஞ்சிரத்துக்கு. சேன்-வெரானுக்குத் தேங்காய்ப்பால் மீன் சொதி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்து.